ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

இங்கிலீஷ் பாஷையில் 'பிரின்ஸிபல்' என்று இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. தமிழில் எழுதச் சொன்னால் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதியாக வேண்டும். காதில் விழுவதும் அப்படியே. ஆனால் 'ஏ, எல்' என்று முடிந்தால் காலேஜின் தலைவர்; 'எல், ஈ' என்று முடிந்தால் கொள்கை. தலைவருக்குக் கொள்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுத்து மட்டும் மாறவே கூடாது!

நம்மிடம் படித்த பையன் ஒருவன் உத்தியோகத்துக்கு மனுப்போட்டான். கணக்கில் புலி. தன் வாழ்க்கைக் கொள்கையைச் சொல்ல வந்த இடத்தில் காலேஜ் தலைவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அந்தக் காரியாலயத்தார் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஒரே மாதிரிதானே ஸார் கேட்கிறது? எதற்காக இப்படி இரண்டு விதமாக எழுதி மனுஷனை வதைக்கிறார்கள்?" என்று கண் கலங்கக் கேட்டான்.

கேள்வி நியாயமானதே. இந்த இரண்டு சொற்களும் லத்தீனில் 'முதல்' என்று பொருள்படும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. நாமும் காலேஜ் தலைவரை 'முதல்வர்' என்றுதானே சொல்கிறோம்? 'ஸ்டேஷனரி' கதை இன்னும் வேடிக்கை. ஒன்றுக்கு அசையாமல் நிற்பது என்று அர்த்தம். மற்றொன்றுக்குக் காகிதம், மை முதலிய சாமான்கள். முற்காலத்து ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகத் திரிந்தார்கள். சர்வகலாசாலைகளுக்கு அருகே ஒரே இடத்தில் கடை போட்டுப் புஸ்தகம் விற்றவருக்கு, நிலையாக நிற்பவர் என்ற பொருளில் பெயர் ஏற்பட்டது. அவருடைய சரக்குக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வித்தியாசம் ஓர் எழுத்துத்தான்.

வேறு சில ஜோடிகளோ உறவே இல்லாதவை. இரவும் 'நைட்', கவசம் பூண்ட குதிரை வீரனும் 'நைட்'. வீரனுக்கு முன்னால் 'கே' என்ற எழுத்து ஊமையாய் நிற்கிறதே, அது ஒரு காலத்தில் வாய்விட்டுப் பேசிய எழுத்து. ஜெர்மானியர் முழங்காலை இன்றும் 'க்னீ' என்கிறார்கள். புலாலாகிய 'மீட்'டும் சந்திப்பாகிய 'மீட்'டும்கூட முன்னாளில் வெவ்வேறு ஒலி உடையவை. 1476-ல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். இங்கிலாந்தில் அதுவே முதலாவது. அச்சு பெருகப் பெருக எழுத்து உறைந்து போயிற்று. நாக்கோ தன் போக்கில் மாறிக்கொண்டே இருந்தது.

பையனுக்கு இது உடனே பிடிபடவில்லை. "'அரம்', 'அறம்' இரண்டையும் சொல்லு, தம்பி" என்றோம். சொன்னான். இரண்டும் ஒன்றாகவே கேட்டன! கன்னியாகுமரிப் பக்கத்தில் இன்னும் ரகரமும் றகரமும் பேச்சில் பிரிந்து ஒலிக்கின்றன. மற்றப் பெரும்பாலான ஊர்களில் ஏட்டில் மட்டும் பிரிந்திருக்கின்றன. இரும்பைத் தேய்ப்பது எது, தர்மம் எது என்று நமக்கும் எழுத்துத்தான் சொல்கிறது. பையன் முதன்முறையாகச் சிரித்தான். வேறோர் இடத்துக்கு மனு எழுத அன்றே உட்கார்ந்தான்.

வீட்டில் குழந்தைகளுக்கு டிக்டேஷன் போடும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 'மீட்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். "நாளைக்கு ஸ்டேஷனில் சந்திப்போம்" என்பதுபோல் முழு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். பிறகு மார்க்குப் போடுங்கள்.