ஆச்சியின் திருகாணி

ஆச்சியின் கம்மலில் ஒரு திருகாணி காணாமல் போன அன்று வீட்டில் யாரும் உட்காரவில்லை. எள்ளளவு தங்கம்தான். ஆனால் மற்ற நகையெல்லாம் அடகுக்கடையில் இருந்த நேரம் அது. கம்மலைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். அப்புறம் என்னிடம், "அவர்ட்ட சொல்லிட்டேன். நீ கட்டிலுக்கு அடியில பாரு" என்றாள்.

ஆளுக்குப் பாதி வேலை.

எங்கள் தெருவில் எது தொலைந்தாலும் கோடி அற்புதரான அந்தோனியாரிடம்தான் முறையீடு. செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் பொட்டு வைத்த பெண்களும் வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போவார்கள். இத்தனை புனிதர்கள் இருக்க, தொலைந்த பொருளுக்கு இவர் எப்படிப் பொறுப்பானார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

விடை அவருடைய சொரூபத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் கையிலிருக்கும் குழந்தை இயேசுவிடம் போய்விடும். குழந்தை உட்கார்ந்திருக்கும் புத்தகத்தை நான் கவனித்ததே பெரியவனான பிறகுதான். மடத்தில் இருந்த இளந்துறவி ஒருவன் அந்தோனியாரின் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்பது பரம்பரையாகச் சொல்லும் கதை. அச்சு வராத காலம். கையால் எழுதிய ஏடு, அதில் பாடம் நடத்த அவர் எழுதிவைத்த குறிப்புகள். அவர் செபித்தார். புத்தகம் திரும்பி வந்தது. எடுத்துப்போனவனும் கூடவே வந்து மறுபடி மடத்தில் சேர்ந்துகொண்டான். கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அந்தோனியாரும் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராதவர். 1195இல் லிஸ்பனில் பிறந்தபோது பெயர் பெர்னாண்டோ. மொரோக்கோவில் வெட்டுண்டு இறந்த ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் அவர் இருந்த கோயிம்ப்ராவுக்கு வந்தன. அதைப் பார்த்து, தானும் அங்கே போய் உயிரைக் கொடுக்கவேண்டும் என்று அவர்களுடைய சபைக்கு மாறினார், பெயரையும் மாற்றிக்கொண்டார். மொரோக்கோவில் அவருக்குக் கிடைத்தது நோய்ப்படுக்கைதான். ஊருக்குத் திரும்ப ஏறிய கப்பலைக் காற்று சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. இத்தாலியில் ஒரு மலைமடத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்தார். 1222இல் ஃபோர்லியில் குருப்பட்டம் கொடுக்கும் நாளில், பிரசங்கம் வைக்க ஆள் இல்லை என்று அவரை எழுப்பி விட்டார்கள். அன்று திறந்த வாய்க்கு அப்புறம் ஓய்வே இல்லை.

1231 மார்ச்சில் இத்தாலியின் பதுவை நகரம் ஒரு சட்டம் போட்டது: கடனாளி தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால் கடனுக்காக அவனைச் சிறையில் அடைக்கக் கூடாது. அந்தோனியார் கேட்டுக்கொண்டதால் செய்தது அது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று, ஏறக்குறைய 36 வயதில் இறந்தார். ஒரு வருஷம் முடியும் முன்பே திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்துவிட்டது. கடன்காரன் வாசலில் வந்து நின்ற வீட்டில் வளர்ந்தவன் நான். அவருடைய அற்புதங்களில் இந்தச் சட்டத்தைத்தான் முதலில் வைப்பேன்.

கட்டிலுக்கு அடியில் அன்றைக்குத் திருகாணி கிடைக்கவில்லை. தகரப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையில், நாலாக மடித்த ஒரு காகிதம் கிடந்தது. மாதக்கணக்காக வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடிய அடகுச் சீட்டு.

ஆசாரி பித்தளையில் ஒரு திருகாணி செய்து கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆச்சி அதைப் போட்டுக்கொண்டு மெழுகுதிரியோடு கிளம்பினாள். "கேட்டதைத் தரலையே ஆச்சி, அப்புறம் எதுக்கு?" என்றேன்.

"பெருசு கேட்கக் கூச்சப்பட்டுட்டுத்தான சின்னதைக் கேட்டேன்" என்றாள்.