கார்த்திகையைத் தொடர ஒரு சிறு கருவி

வானத்தைப் படம் எடுப்பது எளிது என்று எண்ணுவோர், உலகம் சுழல்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் காலடியிலுள்ள நிலம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றி முடிக்கிறது. அதனால் விண்மீன்கள் யாவும் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 15 விகலை அளவு மேற்கே நகர்வனபோல் நமக்குத் தோன்றுகின்றன. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. ஒரு கலையை அறுபதாகப் பகுத்தால் ஒரு விகலை. பதினைந்து விகலை என்பது வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவுதான். ஆயினும் இரண்டே நிமிடங்களில் அது முழுநிலவின் அகலத்துக்கு வளர்ந்துவிடும். தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி, அசையாமல் நிறுத்தி, ஐந்து நிமிடம் திறந்து வைத்தால், விண்மீன் இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட கோடு ஒன்றுதான் கிடைக்கும்.

இந்தச் சுழற்சியை ஈடுசெய்வதற்கென்றே மவுண்ட் என்னும் சுழல்தாங்கி உள்ளது. அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கமாகிய தஞ்சையில் துருவன் அடிவானத்துக்கு மேலே 11 பாகை அளவில் தாழ்ந்து நிற்கிறான். நாம் குடியேறி வாழும் புனேயில் 18½ பாகைக்கு ஏறிவிடுகிறான். அச்சு சரியாக அமைந்துவிட்டால், ஒரு சிறு மோட்டார் தாங்கியை உலகச் சுழற்சிக்கு எதிராக, அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே இருக்கும். விண்மீன் நின்றுவிட்டாற்போல் தோன்றும்.

தோன்றும் என்றுதான் கூறலாம். உண்மையில் அது நிற்பதில்லை. என் தாங்கியிலுள்ள பெரிய சக்கரத்துக்கு 144 பற்கள். திருகு போன்ற தண்டு ஒன்று அதை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுகிறது. அந்தத் திருகு ஒரு சுற்றுச் சுற்ற 598 விநாடி, அஃதாவது பத்து நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு. திருகைக் கடைந்தெடுத்தபோது நேர்ந்த மயிரிழைக் கோணல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொலைநோக்கியை 30 விகலை அளவு முன்னும் பின்னுமாக அசைத்துவிடுகிறது. என் காமிராவின் ஒரு புள்ளி வானத்தில் ஏறத்தாழ ஒன்றரை விகலையை மூடும். எனவே 30 விகலை என்பது 20 புள்ளிகள். கடுகாக இருக்க வேண்டிய விண்மீன் கத்தரிக்காயாகிவிடும். அரை நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்த படங்களில் பெரும்பாலானவற்றை நான் கழித்துவிட வேண்டியிருந்தது.

அரை நிமிடப் படங்களே போதும் என்று இருந்திருக்கலாம். புனேயில் வானியல் ஆர்வலர்களுக்குக் குறைவில்லை. 1944-ஆம் ஆண்டிலேயே இங்கு ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்னும் அமைப்பு தோன்றியது. நிலவும், வியாழனும், சனியின் வளையமும் பார்த்து மகிழ எவ்வித நுட்பமும் வேண்டியதில்லை. ஆனால் எனக்கு வேண்டியது கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் படம். அதற்குக் காரணம் என் தாயார்.

அம்மாவுக்கு வயது 84. தந்தையார் மறைந்த பிறகு கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்துவிட்டார். சிறு வயதில் திண்ணையில் படுத்துக்கொண்டு, கார்த்திகையின் ஆறு மீன்களையும் விரல்விட்டு எண்ணக் கற்றுக் கொடுத்தவர் அவரே. சில ஆண்டுகளாக அவருடைய கண்களின் நடுப்பார்வை மங்கி வருகிறது. எதிரில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஓரக் கண்ணால் பார்த்தால்தான் பெரிய உருவங்கள் புலப்படும். வலக் கண் ஏறக்குறைய போய்விட்டது. இடக் கண்ணும் அவ்வழியே செல்கிறது என்று மருத்துவர் சொன்னார். தொலைநோக்கியின் சிறு துளையில் அவரால் எதையும் காண இயலாது. பெரிய திரையில், ஒளி மிகுந்த படமாகக் காட்டினால் காண்பார். எத்தனை கார்த்திகைகள் மீதமிருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது.

கார்த்திகை மீன்களைச் சூழ்ந்து நீல நிறத் தூசுமேகம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த மீன்கள் விண்வெளியில் செல்லும் வழியில் அந்தத் தூசிடையே புகுந்திருக்கின்றன. அவற்றின் ஒளி தூசில் பட்டுச் சிதறுகிறது. அதனை வெறுங்கண்ணால் காண முடியாது. அரை நிமிடப் படத்திலும் அது நன்கு தெரிவதில்லை. ஐந்து நிமிடம் வீதம் பல படங்கள் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஆகவே தாங்கியின் கோணலைத் திருத்தியே ஆக வேண்டியிருந்தது.

முற்காலத்தில் இதனை மனிதக் கண்ணே செய்தது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானோக்கு நிலையத்தில் மில்டன் ஹுமாசன் என்பவர் இருந்தார். 14 வயதில் பள்ளியை விட்டவர்; அந்த மலைக்குக் கோவேறு கழுதைகளில் பொருள் ஏற்றிச் சென்றவர்; பின்பு அங்கேயே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, வானியலறிஞராக உயர்ந்தவர். மங்கிய அண்டங்களின் ஒளியைப் பதிவு செய்ய, ஒரே தட்டைப் பல இரவுகள் தொடர்ந்து திறந்து வைத்து, குளிரில் அமர்ந்து, குறுக்குக் கம்பியில் ஒரு விண்மீனை நிறுத்திக்கொண்டே இருந்த பொறுமை அவருடையது. இன்று அந்த வேலையைச் சிறு காமிராவும் கணினியும் செய்கின்றன. பெரிய தொலைநோக்கியோடு சிறு தொலைநோக்கி ஒன்றைப் பிணைத்து, அதில் ஒரு காமிராவை வைத்தால், கணினி இரண்டு விநாடிக்கு ஒரு முறை விண்மீனின் இடத்தை அளக்கிறது. விலகியிருந்தால், தாங்கியின் மோட்டாருக்குக் கட்டளை இடுகிறது. இதற்கு ஆட்டோகைடிங் என்று பெயர். பி.எச்.டி. 2 என்னும் மென்பொருள் இதற்காக இலவசமாகவே கிடைக்கிறது. அப்பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. 'மூடனே, இங்கே அழுத்து' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது.

என் இடர்ப்பாடு வேறு. புதிய தாங்கிகளில் இக்கட்டளையை வாங்கிக்கொள்ள ஒரு துளை உண்டு. என்னுடையது பழையது, நான்கு பொத்தான்கள் உள்ள கைப்பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு திசைக்கு நான்கு பொத்தான்கள். இந்த வகைக் கைப்பெட்டி இப்போது செய்யப்படுவதில்லை. கருகிவிட்டால் மாற்று இல்லை. தாங்கியும் அதனோடு வெறும் இரும்பாகிவிடும். புதிய தாங்கி வாங்குவதென்றால் ஓய்வூதியக்காரனுக்குப் பல மாதச் செலவு. எனவே கணினியின் மின்சாரம் கைப்பெட்டிக்குள் ஒரு சொட்டும் நுழையாமல், கட்டளை மட்டும் நுழைய வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் குடியிருப்பில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் மராத்தி இளைஞர். அவர் என்னை 'காகா' என்று அழைப்பார். மராத்தியில் அதற்குச் சிற்றப்பா என்று பொருள். என் தாயாரோ இன்றுவரை அதைக் கேட்டுச் சிரிப்பார். "காகா, ஆப்டோகப்ளர் போடுங்கள், பயமில்லை" என்றார் அவர்.

ஆப்டோகப்ளர் என்பது நான்கு கால்கள் உள்ள சிறு கருப்புத் துண்டு. உள்ளே ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் நுண்விளக்கு. எதிர்ப்பக்கம் அந்த ஒளி பட்டால் மின்னோட்டத்துக்கு வழிவிடும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் செல்வதில்லை. ஒளி மட்டுமே செல்கிறது. அண்டை வீட்டுச் சன்னலில் விளக்கு எரிவதைப் பார்த்து நம் வீட்டுக் கதவைத் திறப்பது போன்றது அது.

புத்வார் பேட்டையின் மின்னணுக் கடைகளில் வேண்டியவற்றை வாங்கினேன்: பிசி 817 என்னும் ஆப்டோகப்ளர் நான்கு, 330 ஓம் மின்தடை நான்கு, ஆர்டுயினோ நானோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, ஆறு கம்பி வடம் ஒன்று. எல்லாம் 600 ரூபாய்க்குள் அடங்கின. கைப்பெட்டியைத் திறந்ததும் எதையும் பற்றவைக்கவில்லை. முதலில் மல்டிமீட்டர் கொண்டு ஒவ்வொரு பொத்தானையும் அளந்தோம். அழுத்தாதபோது இரு முனைகளுக்கிடையே 5 வோல்ட், அழுத்தினால் பூச்சியம். ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு. பொத்தான் செய்வதெல்லாம் ஒரு முனையைப் பொதுக் கம்பியோடு இணைப்பதுதான் என்று தெளிவாயிற்று. அந்த வேலையை ஆப்டோகப்ளர் எளிதில் செய்யும். ஒரு விதி உண்டு: டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனை 5 வோல்ட் பக்கமும், எமிட்டர் முனை பொதுக் கம்பிப் பக்கமும் இருக்க வேண்டும், மாற்றி வைத்தால் சரிவர வேலை செய்யாது.

நான்கு பொத்தான்களின் முனைகளிலிருந்து நான்கு கம்பிகளும், பொதுக் கம்பி ஒன்றும் வெளியே கொண்டுவந்தோம். பழைய பொத்தான்கள் முன்போலவே வேலை செய்யும். புதிய பாதை அவற்றோடு இணையாக நிற்கிறது. மறுபக்கத்தில் ஆர்டுயினோவின் நான்கு முனைகள், மின்தடை வழியாக நுண்விளக்குகளை ஏற்றுகின்றன. ஒரு விளக்குக்கு 11 அல்லது 12 மில்லியாம்பியர் செல்லும். பொறியியற் கல்லூரியில் பயிலும் என் மகள் அதற்கு நிரல் எழுதினாள். எந்தத் திசை, எத்தனை மில்லிவிநாடி என்று கணினி சொல்லும்; நேரத்தை எண்ணி விளக்கை அணைப்பது ஆர்டுயினோவின் பொறுப்பு. "நடுவில் கணினி உறைந்துபோனாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்காது, அப்பா" என்றாள். அது நல்ல முன்யோசனை.

இதில் நான் வியந்த செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கைப்பெட்டியில் மிகக் குறைந்த வேகத்தை வைத்து மேற்குப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் இரு மடங்கு வேகத்தில் ஓடும். கிழக்குப் பொத்தானை அழுத்தினால் வெறுமனே நின்றுவிடும். வானம் ஓடிக்கொண்டிருப்பதால், நின்றாலே பின்தங்கியதாகிவிடுகிறது. எந்தப் பக்கமாயினும் விநாடிக்கு 15 விகலை திருத்தம். மூன்று விகலை திருத்த, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

மற்றொரு செய்தி: விலகல் முழுவதையும் ஒரே அடியில் திருத்தலாகாது. காற்றின் நடுக்கத்தால் விண்மீன் எப்போதும் சற்றுத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பையும் துரத்தினால் தாங்கி ஊசலாடத் தொடங்கிவிடும். எனவே அளந்த விலகலில் நூற்றுக்கு 70 பங்கை மட்டும் திருத்தி, மிகச் சிறிய விலகல்களை விட்டுவிடுமாறு மென்பொருளில் அமைத்தோம். வடக்கு தெற்கு மோட்டாரில் பற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால், அங்கே ஒரு திசையில் மட்டும் திருத்தம் செய்யச் சொன்னோம்.

தீபத் திருநாளன்று முழுநிலவு கார்த்திகைக்கு அருகிலேயே நின்று வானத்தை வெளுக்கச் செய்துவிடும். அதனால் அதற்கு முந்திய அமாவாசை இரவில், நகர விளக்குகளை விட்டுத் தோர்ணாக் கோட்டை அடிவாரத்துக்குச் சென்றோம். கூட்டத்தின் ஒளிமிக்க மீனையே வழிகாட்டியாகத் தேர்ந்தோம். கணினி தாங்கியை மேற்கே சிறிது, வடக்கே சிறிது நகர்த்திப் பார்த்துத் திசைகளைக் கற்றுக்கொண்டது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஓசை ஏதும் எழவில்லை. திரையில் ஒரு கோடு மட்டும் நடுவை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தது. இரவு 9 மணி முதல், ஐந்து நிமிடம் வீதம் 24 படங்கள் எடுத்தோம். விண்மீன்கள் எல்லாவற்றிலும் வட்டமாகவே இருந்தன.

படங்களைச் சேர்த்துத் தொலைக்காட்சித் திரையில் இட்டு, அம்மாவை அருகில் அமர்த்தினோம். அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, இது என்ன, மீனைச் சுற்றி மஞ்சு மாதிரி? ஊரில் பார்த்தபோது இது இல்லையே?" என்றார்.

"அப்போதும் இருந்தது, அப்பாயி. யார் கண்ணுக்கும் எட்டாது, அவ்வளவுதான்" என்றாள் என் மகள்.

"அப்படியானால் எனக்கு மட்டும் தெரியாமல் போனதில்லை" என்று சொல்லி, அம்மா திரையை நோக்கிக் கையை நீட்டி, ஓரக் கண்ணால் பார்த்தபடியே ஆறு மீன்களையும் ஒவ்வொன்றாக எண்ணினார்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பழைய தொலைநோக்கியோ, மோட்டாருள்ள தாங்கியோ வைத்திருக்கும் அன்பர்கள் இருக்கலாம். விலையுயர்ந்த புதியதை வாங்கினால்தான் நல்ல படம் கிடைக்கும் என்று அவர்கள் சோர்வடைய வேண்டா. கோணலில்லாத திருகைச் செய்வது மிகக் கடினம். கோணலைக் கவனித்து உடனுக்குடன் சிறிது சிறிதாகத் திருத்துவது நம் வீட்டு மேசையிலேயே செய்யக்கூடியது. பற்றவைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்; கணினிக்கும் கைப்பெட்டிக்கும் இடையே ஆப்டோகப்ளர் இல்லாமல் இணைக்காதீர்கள்; முதல் சோதனையைப் பகலில், தொலைநோக்கியை இறக்கிவிட்டுச் செய்யுங்கள். இணைப்புப் படமும் நிரலும் வேண்டுவோருக்கு, சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் நானும் என் மகளும் மகிழ்ச்சியோடு தருவோம். மழைக்காலம் முடிவதற்குள் செய்து வைத்தால், வரும் கார்த்திகைக்கு உதவும்.