தோத்தா வீட்டுக்குப் போகலாம்!

உங்க டீம் தோத்தா உங்களுக்கு லாபம், ஜெயிச்சா நஷ்டம். இப்படி ஒரு விளையாட்டு இருக்க முடியுமா பாஸ்? 2011-12 சீஸன்ல சீனாவுக்குப் போய் ஆடின அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் சிலருக்கு நிலைமை அப்படித்தான் இருந்துச்சு.

2011 ஜூலை 1-ம் தேதி என்.பி.ஏ.வுக்குப் பூட்டு விழுந்துச்சு. வருமானத்தை முதலாளிகளும் வீரர்களும் எப்படிப் பங்கு போடறதுன்னு தகராறு. பூட்டினது முதலாளிகள். அதனால இது ஸ்டிரைக் இல்ல, லாக்-அவுட். (மில் இருக்கற ஊர்ல பிறந்தவங்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தரவேண்டியதில்ல!) சம்பளம் கிடையாது, பிராக்டீஸ் கிடையாது, எப்போ திறப்பாங்கன்னும் தெரியாது. ஆட்டக்காரனோட உடம்பு அதுவரைக்கும் காத்திருக்குமா?

டெரான் வில்லியம்ஸ் துருக்கியில இருக்கற பெஷிக்டாஷ் டீமுக்குக் கிளம்பினார். ஆள் விவரம். நியூஜெர்ஸி நெட்ஸோட அவருக்கு ஒப்பந்தம் இருந்துச்சு. லாக்-அவுட் முடிஞ்சா அடுத்த ஃபிளைட்ல ஊருக்குத் திரும்பிடலாம்னு துருக்கிக்காரங்ககிட்டயும் எழுதி வாங்கிட்டார்.

சீனாவுல அந்தப் பேச்சே எடுபடல. என்.பி.ஏ. ஒப்பந்தம் கையில இருக்கறவங்க வரவே வேண்டாம், ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா இருக்கற ஃப்ரீ ஏஜென்ட்கள் மட்டும் வரலாம்னாங்க. வந்தா, சீஸன் முடியற வரைக்கும் ஊருக்குத் திரும்பற பேச்சு கூடாது. ஜே.ஆர்.ஸ்மித், ஆரன் புரூக்ஸ், வில்சன் சாண்ட்லர் எல்லாரும் சம்மதிச்சுத்தான் கையெழுத்துப் போட்டாங்க.

நவம்பர் 26-ம் தேதி சமரசம் ஆயிடுச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு என்.பி.ஏ. சீஸன் ஆரம்பம். வழக்கமான 82 ஆட்டத்துக்குப் பதிலா 66. வில்லியம்ஸ் பெட்டியைக் கட்டிட்டார். கொஞ்ச நாள் ஆடினதுக்கே பெஷிக்டாஷ் அவரோட 8-ம் நம்பர் பனியனை மரியாதையா ஒதுக்கி வெச்சாங்க. சீனாவுல இருந்தவங்க அங்கேயே இருந்தாங்க.

அந்தச் சமயத்துல நான் ரெண்டு வருஷ பாண்ட்ல ஒரு கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் அவங்க பீரோவுல. காலேஜ் டீம்ல பெஞ்சைத் தேய்ச்ச பன்னிரண்டாவது ஆள் நான், அந்தப் பாசத்துல தினமும் ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி சீன லீக் ஸ்கோரைப் பார்ப்பேன். ஒரு நாட்டு லீக்ல இருந்து இன்னொரு நாட்டுக்கு மாறணும்னா கிளியரன்ஸ் லெட்டர் வேணும்னு படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. அடப்பாவிகளா, நம்ம ரிலீவிங் லெட்டர்!

ஸ்மித் ஆடினது செஜியாங் கோல்டன் புல்ஸுக்கு. ஒரே மேட்ச்ல 60 பாயின்ட் எல்லாம் போட்டார். ஆனா டீம் பிளே-ஆஃப் பக்கமே போகல. அவங்க சீஸன் சீக்கிரமே முடிஞ்சதால, பிப்ரவரியிலேயே நியூயார்க் நிக்ஸுக்கு வந்துட்டார். அடுத்த வருஷம் என்.பி.ஏ.வோட சிறந்த ஆறாவது வீரர் விருதும் வாங்கினார்.

புரூக்ஸ் கதையைக் கேளுங்க. 2010-ல அதிகம் முன்னேறிய வீரர்னு விருது வாங்கினவர். அவர் சேர்ந்த குவாங்டாங், சீனாவோட பலமான டீம்கள்ல ஒண்ணு. ஜெயிச்சு, ஜெயிச்சு மார்ச் வரைக்கும் போய் ஃபைனலும் ஆடிட்டாங்க. அந்த சீஸன்ல அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடல. ஜூலையிலதான் சாக்ரமெண்டோவுல இடம் கிடைச்சுது. நல்ல கம்பெனியைத் தேடிச் சேர்ந்தவனுக்குக் கிடைச்ச பரிசு இது! 'சைனாவுக்குப் போய் கெட்டான்'னு யாராச்சும் சொன்னா எனக்கு இன்னைக்கும் கோபம் வரும். தான் ஒத்துக்கிட்ட வேலையை ஒழுங்கா பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த ஃபைனல்ல எதிர்ல நின்னு ஜெயிச்சது பெய்ஜிங். அதுல யாரு? ஸ்டெஃபன் மார்பரி. அவர் லாக்-அவுட்டுக்காக வந்தவர் இல்ல. 2010-லயே சீனாவுக்கு வந்து, திரும்பிப் போற யோசனையையே விட்டவர். 2012, 2014, 2015-னு மூணு தடவை கோப்பை. ஊர்ல சிலையே வெச்சாங்க. ஒரே மைதானத்துல ஒருத்தருக்கு அது காத்திருக்கற இடம், இன்னொருத்தருக்கு வீடு.

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் பி.ஜே.டக்கர். 2006-ல டொராண்டோ எடுத்தாங்க, ஒரு சீஸன்கூட முடியல, அனுப்பிட்டாங்க. அப்புறம் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனினு அஞ்சு வருஷம். ஐரோப்பிய கிளப்கள்ல பெரும்பாலும் சம்பளத்தோட வீடு, கார் எல்லாம் தருவாங்க. நிம்மதியா இருந்திருக்கலாம். 2012-ல பாம்பெர்க் டீமோட ஜெர்மன் சாம்பியன், ஃபைனல்ல சிறந்த வீரரும் அவர்தான்.

அந்தக் கோடையிலேயே ஃபீனிக்ஸோட சம்மர் லீக் டீம்ல போய் நின்னார். சம்மர் லீக்னா தெரியுமா? நேத்து காலேஜ் முடிச்ச பசங்களும், எப்படியாவது ஒரு இடம் கிடைக்காதான்னு வர்றவங்களும் ஆடற இடம். வேலை உத்தரவாதம் எதுவும் கிடையாது. இவருக்கு அப்போ 27 வயசு. அந்தப் பசங்களோட சேர்ந்து ஓடி, முட்டி மோதி, ஃபீனிக்ஸ்ல இடம் பிடிச்சார். 2021-ல மில்வாக்கி பக்ஸ் கோப்பையைத் தூக்கினப்போ அந்த டீம்ல இருந்தார். அப்போ வயசு 36.