விலக்கும் விடாயும்

உடலின் இயல்பான செயல்களை நாம் நேராகச் சொல்வது குறைவு. வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, ஒதுங்குவது, கால் கழுவி வருவது என்று சுற்றிச் சொல்கிறோம். பெண்ணின் மாதப்போக்கு என்று வந்துவிட்டால் தூரம், தீட்டு, வீட்டு விலக்கு என்கிறோம். எல்லாமே இடக்கரடக்கல் என்ற ஒரே நாகரிகத்தில் பிறந்தவை என்பது பொதுவான எண்ணம். அது சரிதானா என்று பழைய நூல்களின் வழியே தேடிப் போனபோது இரண்டு தனி மரபுகள் தென்பட்டன. ஒன்று கேட்பவருக்குக் காட்டும் மரியாதை. மற்றொன்று பெண்ணுக்கு இட்ட தடை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் தடையும் இங்கே நாகரிகமாகத் தோற்றமளிக்கிறது.

இடக்கரடக்கல் என்ற பெயரைத் தகுதி வழக்கின் ஒரு வகையாக நன்னூல் தருகிறது. கருத்து அதைவிட மிகப் பழையது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லச் சொல்கிறது. நெடுங்காலம் வழங்கிப் பழகிவிட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்றும் உடனே சேர்க்கிறது. ஆக, விதிக்கு எல்லை உண்டு. அந்த எல்லை அவை. தொல்காப்பியரே இதைக் கைக்கொண்டிருக்கிறார். 'ஆ' என்னும் சொல்லோடு 'பீ' சேர்ந்து 'ஆப்பி' ஆவதை எழுத்ததிகாரத்தில் விளக்கும்போது, அந்தச் சொல்லை எழுதாமல், ஈகாரம் ஏறிய பகரம் என்று எழுத்தைச் சுட்டிவிட்டு நகர்கிறார். மருத்துவத்தில் இந்தத் தயக்கம் இல்லை. அடக்கக் கூடாத 14 வேகங்களைச் சொல்லும் சித்த மருத்துவம் தும்மல், கொட்டாவி, பசி, கண்ணீர் ஆகியவற்றோடு மலத்தையும் சிறுநீரையும் சுக்கிலத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. உடலைக் காக்க வேண்டிய இடத்தில் பெயரை ஒளிக்கவில்லை.

மாதப்போக்கின் தடம் வேறு வழியில் போகிறது. தொல்காப்பியக் கற்பியல் அதைப் பூப்பு என்கிறது. பரத்தையிடம் பிரிந்து சென்ற தலைவன்கூடப் பூப்பை அடுத்த 12 நாளும் தலைவியை விட்டு அகன்றிருக்கலாகாது என்பது அங்குள்ள விதி. பூப்பு உடலில் நிகழ்வதற்கு இட்ட பெயர். அதில் இழிவின் சாயல் இல்லை. பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாட்டில் வேறு காட்சி. போரில் ஒடுங்கி நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலம் தொடாத மகளிர் உவமை. அங்கே உடலில் நிகழ்வதற்குப் பெயரே இல்லை. எதைத் தொடக் கூடாது என்பதை வைத்தே பெண் அறியப்படுகிறாள். தூரமும் விலக்கும் இந்த இரண்டாம் தடத்தில் வந்த சொற்கள் என்பதே என் முடிவு.

கொல்லைக்குப் போவதும் இடத்தைத்தானே சொல்கிறது, அதிலிருந்து இது எப்படி வேறுபடும் என்று கேட்கலாம். கொல்லைக்குப் போகிறவர் தாமாகப் போகிறார், சற்று நேரத்தில் திரும்பி வருகிறார். விலக்கு என்ற சொல்லில் அவள் எதையும் செய்யவில்லை. பிறர் அவளை விலக்குகிறார்கள். வழக்கமே பழையது, சங்கப் பாட்டிலேயே இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. பழமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூப்பும் பழையதுதான். இரண்டும் பழையவை என்றால், எதைத் தொடர்வது என்பதற்குப் பழமை விடை தராது. நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வலுவான மறுப்பு மூன்றாவது: சொல்லை மாற்றினால் மனம் மாறுமா? மூத்திரம் என்ற வடசொல் இன்று காதுக்குக் கொச்சையாகி, சிறுநீர் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. நாளை சிறுநீருக்கும் அந்தக் கதி வரலாம். அருவருப்பு புதுச்சொல்லிலும் ஏறிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் மூத்திரத்தின் மேல் படிந்தது வெறும் அருவருப்பு. அந்தச் சொல் யாரையும் எங்கும் நிறுத்தவில்லை. விலக்கு என்பதன் பொருளே ஓர் ஆணை. அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஆணை மறுபடி பிறக்கிறது.

மாற்றுச் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதுமில்லை. விடாய் என்றால் களைப்பு, தாகம். மாதவிடாய் என்ற சொல் அவள் உடல் படும் பாட்டைச் சொல்கிறது, அவளை எங்கும் அனுப்புவதில்லை. அது இருந்தும் மாதவிலக்கு என்று அச்சிடுவது ஓயவில்லை. வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் தரத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நல்ல திட்டத்துக்குக்கூடப் புதுயுகம் என்றுதான் பெயர் அமைந்தது. எதற்கான திட்டம் என்பது அந்தப் பெயரில் தெரியவில்லை. வலியையும் மிகுந்த போக்கையும் மருத்துவரிடம் சொல்ல ஒரு சிறுமிக்குக் கூச்சமில்லாத சொல் வேண்டும். அவையில் மறைத்துப் பேசும் மரபை விரும்புகிறவர் தாராளமாகக் காக்கட்டும். பாடநூலிலும் மருத்துவமனைப் படிவத்திலும் அரசு அறிக்கையிலும் விலக்கை நீக்கி விடாய் என்றே எழுதவேண்டும். தொல்காப்பியரின் விதி அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.