சான்றிதழும் ஒரு சாட்சியம்தான்



உங்கள் மகனோ மகளோ கணினி வலையமைப்புத் துறையில் சி.சி.என்.ஏ. பரீட்சைக்குத் தயாராகிறாரா? அதன் கட்டணம் 300 அமெரிக்க டொலர். அதற்கே நகையை ஈடு வைக்கும் வீடுகள் உண்டு. இந்நிலையில், "வரப்போகும் கேள்விகள் இவைதான்" என்று விற்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க விடாதீர்கள். அது களவுப் பொருள். பிடிபட்டால் சிஸ்கோ நிறுவனம் சான்றிதழையே இரத்துச் செய்யலாம்.

பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. சிஸ்கோவின் 'பெக்கட் ட்ரேசர்' மென்பொருள் இலவசம். ரவுட்டர், சுவிட்ச் வாங்காமலே கணினித் திரையில் அவற்றை இணைத்தும் பழுது திருத்தியும் பழகலாம்.

பிள்ளை விளங்கித்தான் படிக்கிறாரா என்று நீங்களே சோதிக்கலாம். 64 முகவரிகள் கொண்ட வலையமைப்பில் கருவிகளுக்குக் கொடுப்பது 62 மட்டுமே. "மீதி இரண்டும் எதற்கு?" என்று கேளுங்கள். ஒன்று அந்த வலையமைப்பையே குறிக்க, மற்றது அதிலுள்ள அனைத்துக் கருவிகளுக்கும் ஒரேயடியாகச் செய்தி அனுப்ப. விளங்கியவர் தயங்காமல் சொல்வார். விடையை மட்டும் மனனமிட்டவர் தடுமாறுவார்.

நள்ளிரவில் ஓர் ஆஸ்பத்திரியின் வலையமைப்பு செயலிழந்தால் மனனமிட்ட விடை கைகொடுக்காது. "இவருக்கு இந்த வேலை தெரியும்" என்பதே சான்றிதழ் கூறும் சாட்சியம். அது உண்மையாக இருந்தால்தான் அதைக் காட்டிப் பெறும் சம்பளமும் தூய்மையாகும். ஆகவே சகோதரிகளே, முதலில் பிள்ளை தயாராகட்டும். கட்டணத்தைப் பிறகு கட்டுங்கள்.