பாசியின் பற்றுக்கோடு

மண்ணில் நிற்கும் மரம் வேரினால் நீரும் உரமும் உண்கிறது. கடற்பாசியோ தன் மேனியெங்கும் தழுவி ஓடும் நீரிலிருந்தே ஆகாரம் முழுவதையும் பெற்றுக்கொள்வதால், அதன் அடியில் வேர்போல் விரிந்து பாறையைக் கவ்வியிருக்கும் பற்றுறுப்புக்கு அலையை எதிர்த்துப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு தொழில் இல்லை. ஆயினும் பாசி தழைப்பதும், அதை உண்பவரும் அதனுள் உறையும் ஜீவராசிகளும் பிழைப்பதும் அந்த ஒரு பிடியையே ஆதாரமாகக் கொண்டவை.

கெல்ப் எனப்படும் பழுப்புப் பாசி இனங்கள் குளிர்ந்த சமுத்திரங்களுக்கு உரியவை. ஜப்பானின் ஹொக்கைடோ கரையில் விளையும் கொம்பு என்னும் பாசியின் சாற்றுக்கு அத்தனை ருசி எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்த கிகுனே இகேதா, 1908-ஆம் ஆண்டில் அதிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு உமாமி என்று நாமகரணம் செய்தார். கலிபோர்னியக் கரையின் இராட்சதக் கெல்ப்போ, அனுகூலமான காலத்தில் ஒரே நாளில் சுமார் 60 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, 45 மீட்டர் அளவுக்கும் நீண்டு, மீன்களுக்கும் நண்டுகளுக்கும் நத்தைகளுக்கும் வனமாகவே நிற்கிறது. ரோமத்துக்காக மனிதர் நீர்நாய்களை வேட்டையாடித் தீர்த்த கரைகளில், அவற்றுக்கு இரையாகி வந்த கடல் முள்ளெலிகள் கட்டின்றிப் பெருகிப் பாசியின் அடியையே கறித்துவிட, அவ்வனங்கள் பிடியிழந்து அலையோடு போயின.

வெதுவெதுப்பான நம் கடலில் கெல்ப் வளராது. ஆனாலும் சென்னையின் மூலக்கொத்தளத்திலிருந்து கிழக்கே நடந்து ராயபுரம், காசிமேடு கரையை அடைபவர், அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்களின்மேல் பச்சைப் பாசிகள் அலைக்கு அசைந்துகொண்டிருப்பதைக் காணலாம். 1870-களில் தொடங்கிய துறைமுக வேலை, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து மெரினாவை அகலப்படுத்தி, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரையை அரிப்புக்கு ஆளாக்கியது. அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்களே, மணற்பாங்கான இப்பிரதேசத்தில் பாசிக்குப் பற்றிடமாயின. மனிதர் கைவிட்ட சிறு பிடியையும் உயிர் விடாமல் பயன்படுத்திக்கொள்ளும் இந்தச் சுபாவத்தைக் கண்டு, நான் அக்கற்களருகே நெடுநேரம் நின்றதுண்டு. அதே கரையின் வடபால், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, அலையாத்தி மரங்களின் அடியெல்லாம் கறுத்ததையும் மறக்க இயலவில்லை.

பழுப்புப் பாசியின் மெய்யான வனங்களை நம் நாட்டில் காண விரும்புபவர் மன்னார் வளைகுடாவுக்குச் செல்லலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயிற்றுவித்த எம்.ஓ.பி. ஐயங்கார், 1927-இல் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதி, அக்கடலின் செல்வத்தை அறிஞர்களுக்குக் காட்டினார். அங்கே கட்டக்கோரை என்று மக்கள் வழங்கும் சர்காசம், சிறு காற்றுக் குமிழ்களால் நிமிர்ந்து நின்று மீன்குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. அதிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் துணி அச்சடிப்பு, பல் வைத்தியம், ஐஸ்கிரீம் என்று பலவற்றுக்குப் பிரயோஜனமாகிறது. உடன் விளையும் செம்பாசி இனமான கஞ்சிப் பாசியோ, பெயருக்கேற்பக் கஞ்சியாகவே காய்ச்சி உண்ணப்பட்டது.

இவற்றையெல்லாம் மூழ்கி எடுப்பவர்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறைகளிடையே இறங்கும் மீனவப் பெண்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள், பாசி மீண்டும் தழைக்க அவகாசம் வேண்டும் என்றுணர்ந்து, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே கடலிறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே நியமம் வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பு விருது வழங்கியது. வயிற்றுப்பாட்டுக்காகக் கடலை நம்பியிருப்பவர்கள், எடுக்கும் உரிமையோடு விட்டுவைக்கும் கடமையையும் ஏற்றதை, நான் பெரிய தர்மமாக மதிக்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று அரசு கடற்பாசிப் பூங்கா அமைத்து வருகிறது. வளர்ப்பு பெருகுவது நன்றே. இயற்கைப் படுகைகளின்மேல் விழும் சுமையும் அதனால் குறையலாம். ஆனால் எத்தனை டன் விளையும் என்ற கணக்கோடு, பாசி பற்றிநிற்கும் பாறையும் பவளத்திட்டும் எந்நிலையில் இருக்கின்றன என்ற கணக்கும் ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டும். அந்த இரண்டாம் கணக்கை எழுதுவதற்குச் சின்னப்பாலத்துப் பெண்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.