145 கிலோ

எங்கட வீட்டில் ரெண்டு வண்டி நிற்கிறது. ஒன்று அம்மாவின் ஸ்கூட்டி பெப், மற்றது அண்ணாவின் பல்சர் 150. பெப் 95 கிலோ அளவில் வரும், பல்சர் 145 கிலோ அளவில். வித்தியாசம் 50 கிலோதான், ஒரு பை சீமெந்து. ஆனால் எங்கட ஒழுங்கையில் அந்த ஒரு பை சீமெந்து பெரிய மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் பொம்பிளைப் பிள்ளையள் ஓடலாம், அந்தப் பக்கம் ஓடக்கூடாது.

சட்டத்தில் அப்படி ஒரு மதிலும் இல்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் 100 சீசீ வரைக்கும் ஏ1, அதற்கு மேலே ஏ. அவ்வளவுதான். நான் ஏ எடுத்து வைத்திருக்கிறேன்.

2022இல், கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் அடித்த காலத்தில், அண்ணா கட்டாருக்குப் போனார். போகும்போது "கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முதலில் ஸ்ராட் மட்டும் பண்ணினேன். பிறகு ஒழுங்கை முடியும் வரைக்கும் ஓடினேன். இப்போது கம்பஸ் வரைக்கும். காலமையில் அம்மா முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போக பெப் வேண்டும். பல்சர் இல்லையென்றால் எனக்கு பஸ்தான். பின்னேர லெக்சர் முடிந்து நூலகத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தால் எங்கட பக்கத்துக் கடைசி பஸ் போய்விடும். அதனால் எனக்கு பல்சர் என்பது அந்த ஒரு மணித்தியாலம்.

போன மாரியில் அது எங்கட முற்றத்தில் விழுந்தது. ரெண்டு நாள் விடாத மழை. செம்மண் மேலே பார்க்க இறுகினது போல இருந்தாலும் உள்ளுக்கு நல்லாக ஊறிப்போயிருந்தது. வண்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து விடுவம் என்று இடப்பக்கம் நின்று உருட்டினேன். முந்தி எப்பவோ தென்னம்பிள்ளைக்கு வெட்டி, பிறகு மூடிவிட்ட கிடங்கு ஒன்று அந்த இடத்தில் இருந்திருக்கிறது. சில்லு ஏறினதும் மண் அப்படியே உள்ளே இறங்கியது. வண்டி மற்றப் பக்கம் சாய்ந்தது. இழுத்துப் பார்த்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது. கையை விட்டேன்.

முதலில் பெற்றோல் மணம்தான் வந்தது. திறப்பைத் திருப்பி எடுத்தேன். அம்மா குசினிக்குள் ஓடி, எரிந்துகொண்டிருந்த விறகடுப்பில் தண்ணியை ஊற்றினா. அதுக்குள் முன்வீட்டு மாமா குடைகூட இல்லாமல் ஓடி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ரெண்டு பெடியள். நான் கிட்டப் போக, "நீ தள்ளி நில் பிள்ளை" என்றார்கள். ஒருவன் ஹாண்டிலையும் மற்றவன் பின் கம்பியையும் பிடித்து, குனிந்து, மூச்சுப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார்கள். வண்டி நிமிர்ந்தது.

"உனக்கு அடிகிடி படேல்லையே?" என்று மாமா கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி. உது ஆம்பிளைப் பிள்ளையள் ஓடுற வண்டி. உன்னால ஏலாது. கொண்ணாட்டச் சொல்லி வில்லுங்கோ."

மாமா நல்ல மனுசன். மழையில் நனைந்து வந்தவர். எங்களுக்கு ஒன்றென்றால் முதலில் வருகிறவரும் அவர்தான். அதனால்தான் அவர் சொன்னதுக்கு உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. எங்கட ஊரில் உதவியும் தீர்ப்பும் ஒரே ஆளிடமிருந்துதான் வரும். உதவியை வாங்கிக்கொண்டு தீர்ப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்வது லேசில்லை.

அன்று இரவே கதை கட்டாருக்குப் போய்விட்டது. அண்ணா வட்சப்பில் எடுத்தார். திட்டவில்லை. "உனக்கு ஏதும் நடந்தா என்ன செய்யிறது? வித்திடுவம்" என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய மோட்டார் சைக்கிளுக்கு எல்லாம் எப்படி விலை ஏறினது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டு வர ஆள் இருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார்.

இதற்கிடையில் ஒரு சின்னச் செய்தி. வண்டியைத் தூக்கின பெடியன் ஒருவனுக்கு நாரி பிடித்து ரெண்டு நாள் படுக்கை. அவனைப் பார்த்து ஒருத்தரும் "உன்னால ஏலாது, நீ பைக் ஓடாத" என்று சொல்லவில்லை. தைலம் பூசச் சொன்னார்கள்.

முன் பிரேக் லீவரின் நுனி உடைந்து, வலப்பக்கக் கண்ணாடி நொறுங்கி, சிக்னல் லைற் தொங்கிக்கொண்டிருந்தது. கராச்சுக்குக் கொண்டுபோனேன். ஒரு மாத மகாபொலக் காசு அதோடு சரி. கராச் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். "கையை விட்டியோ? அதுதான் சரி" என்றார். எனக்கு ஆச்சரியம். அதுவரைக்கும் கதைத்த எல்லாரும் "ஏன் பிடிக்கேல்லை?" என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அவர் ஒரு வண்டியை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார். நேராக நிற்கும்போது ஒரு விரலால் பிடிக்கலாம். பாரம் முழுக்க ரெண்டு ரயரிலும் இருக்கிறது. சாயச் சாயப் பாரம் கைக்கு வரும். ஒரு அளவுக்கு மேலே சாய்ந்தால் பயில்வானாலும் பிடிக்க ஏலாது. பிடிக்கப் போனால் தோள் கழரும், இல்லாவிட்டால் கால் அடியில் அகப்படும்.

"அப்ப விழுந்ததை எப்பிடித் தூக்கிறது?"

"கையால தூக்கிறேல்லை. காலால."

அவர் சொல்லித் தந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கட வீட்டிலும் ஒரு பைக் நிற்கும்தானே.

முதலில் திறப்பை நிப்பாட்டுங்கோ. பெற்றோல் ரப் இருந்தால் அதையும் மூடுங்கோ. கிட்ட நெருப்பு இருக்கக்கூடாது. வண்டி உருளாமல் இருக்க கியரில் போடுங்கோ. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்ராண்டை முதலே விரித்து வையுங்கோ. நிமிர்த்தும்போது வேகத்தில் மற்றப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்ராண்ட் பிடித்துக்கொள்ளும். விழுந்த பக்கத்துக்கே ஹாண்டிலை முழுக்கத் திருப்புங்கோ. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீற்றின் விளிம்பில் இடுப்பை வைத்துக் குந்துங்கோ. ஒரு கையால் கீழே கிடக்கிற ஹாண்டில் பிடி, மற்றக் கையால் பின் கம்பி. முதுகு நேராக, பார்வை முன்னுக்கு. அப்படியே இடுப்பால் தள்ளிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடவுங்கோ. நடக்க நடக்க வண்டி நிமிரும்.

நிமிர்ந்ததும் ஸ்ராட் பண்ண அவசரப்படக்கூடாது. இஞ்சின் ஒயில் கீழே இறங்கக் கொஞ்ச நேரம் விடவேண்டும். ஒயில் மட்டம், பிரேக், ஹாண்டில் நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பழைய பற்றரி என்றால் அசிட் வழிந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இவ்வளவுதான். அஞ்சு நிமிசப் பாடம். ஆனால் 22 வயது வரைக்கும் இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. நாரி பிடித்த பெடியனுக்கும் சொல்லித் தரவில்லைதான். ஆனால் தெரியாததை அவனிடம் தெரியாதது என்கிறார்கள், என்னிடம் பலமில்லை என்கிறார்கள். தெரியாததைப் படிக்கலாம். பலமில்லை என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குப் பிறகு படிக்க ஒன்றும் இல்லை, வண்டியை விற்கிறதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றிச் சொன்னா. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு. அம்மாவுக்கு அப்போது 16 வயது. ஒரு சைக்கிளில் அரிசி மூட்டை, தையல் மெசினின் தலை, உடுப்புப் பொட்டலம். அதை நாவற்குழிப் பாலம் தாண்டி மழைக்குள் உருட்டிக்கொண்டு போயிருக்கிறா. "பாரம் ஒரு பக்கம் சரிஞ்சா இடுப்பைக் குடுத்துத்தான் நிமித்துவம். அண்டைக்கு ஒருத்தரும் வந்து பொம்பிளைப் பிள்ளைக்கு ஏலாது எண்டு சொல்லேல்லை" என்றா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய தும்பு மெத்தையை முற்றத்தில் விரித்தோம். எங்கட பட்ச் தோழி ஒருத்தியும் வந்திருந்தாள். மூன்று பேருமாகப் பிடித்து, பல்சரை மெல்ல மெத்தையில் படுக்க வைத்தோம். முதல் தரம் எனக்குக் கால் சறுக்கியது. ரெண்டாம் தரம் பாதி வரைக்கும் வந்தது. மூன்றாம் தரம் நின்றது. தோழி அதை வீடியோ எடுத்தாள். அவள் என்னைவிட மெலிவு. அவளும் தூக்கினாள்.

வீடியோவை அண்ணாவுக்கு அனுப்பினேன். நீல ரிக் விழுந்தும் நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "முன் ரயருக்குக் காத்துக் காணாது போல, பார்" என்று ஒரு மெசேஜ். வாங்க வந்தவருக்கு அம்மாவே கோல் எடுத்து, விற்கிற யோசனை இல்லை என்று சொல்லிவிட்டா. முன்வீட்டு மாமா இன்னும் ஏற்கவில்லை. நான் வெளிக்கிடும்போது கேற்றடியில் நின்று "கவனம் பிள்ளை" என்கிறார். பரவாயில்லை. பெப் ஓடும்போது அதைக்கூடச் சொன்னதில்லை.

தும்பு மெத்தை இப்போதும் தாழ்வாரத்தில் சாத்தி இருக்கிறது. வாற ஞாயிறு பட்ச்சில் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். தானும் ஒருக்காத் தூக்கிப் பார்க்கவேணும் என்று அம்மா சொல்லியிருக்கிறா.